அசமன்பாட்டில் குறை எண்ணால் வகுத்தால் குறி ஏன் திரும்புகிறது?

கேட்டவர் 7 − 3ய ≤ 19 என்ற கணக்கைக் கொடுத்திருக்கிறார் (ய என்பது கண்டுபிடிக்க வேண்டிய எண்). −3ய ≤ 12 வரை புரிகிறது, அடுத்த வரியில் திடீரென ய ≥ −4 என்று குறி மாறிவிடுகிறதே, ஏன் என்பது கேள்வி.

எனக்கும் பள்ளியில் காரணம் தெரியாது. "குறை எண் வந்தால் குறியைத் திருப்பு" என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒரு தேர்வில் 2ய < −6 வந்தது. கழித்தல் குறியைக் கண்டதும் திருப்பி, ய > −3 என்று எழுதிவிட்டு வந்தேன். வகுத்தது 2 ஆல். அது மிகை எண், திருப்பவே கூடாது. விடை ய < −3. காரணம் புரியாமல் விதியை மட்டும் வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த விதியைத் தொடாமலே உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருபுறமும் 3ய கூட்டினால் 7 ≤ 19 + 3ய. இருபுறமும் 19 கழித்தால் −12 ≤ 3ய. 3 ஆல் வகுத்தால் −4 ≤ ய. எந்த இடத்திலும் குறி திரும்பவில்லை. ஆனால் −4 ≤ ய என்பதை ய பக்கமிருந்து படித்தால் ய ≥ −4 தானே! குறி நின்ற இடத்திலேயே நிற்க, ய மட்டும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போய்விட்டது. −3 ஆல் வகுத்துக் குறியைத் திருப்புவது இந்த மூன்று வரியின் சுருக்கம்தான். எனக்குச் சந்தேகம் வந்தால் இன்றும் இந்த நீண்ட வழியில்தான் போவேன்.

இனி எண்கோட்டில் பார்ப்போம். 2 < 5 என்றால் 5 வலப்பக்கம் இருக்கிறது என்று பொருள். இரண்டோடும் 10 கூட்டினால் இரண்டும் ஒரே தூரம் நகரும், யார் முந்தி என்பது மாறாது. 3 ஆல் பெருக்கினால் 6, 15. பூச்சியத்திலிருந்து உள்ள தூரம் நீள்கிறது, வரிசை அப்படியே. −1 ஆல் பெருக்கும்போது மட்டும் கதை வேறு. பூச்சியத்தில் ஒரு கண்ணாடி வைத்தது போல எல்லா எண்களும் மறுபக்கம் போகின்றன. வலப்பக்கம் தொலைவில் இருந்த 5, இப்போது இடப்பக்கம் தொலைவில் −5 ஆக நிற்கிறது. ஆகவே −2 > −5. சமன்பாட்டில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் இருபுறமும் ஒரே புள்ளி, கண்ணாடியில் பார்த்தாலும் ஒரே புள்ளிதான். சமக்குறி 1557 இல் ராபர்ட் ரெக்கார்டின் நூலில் அச்சேறியது. <, > இரண்டும் 1631 இல்தான், தாமஸ் ஹாரியட் இறந்து 10 ஆண்டுகள் கழித்து வெளியான அவரது நூலில் வந்தன. முன்னதை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. பின்னவற்றுக்குத் திசை உண்டு.

இது புரிந்தால் இன்னொரு பெரிய பள்ளத்திலிருந்தும் தப்பலாம். 3/ய < 1 என்று கொடுத்தால் பலரும் இருபுறமும் ய ஆல் பெருக்கி ய > 3 என்று முடித்துவிடுகிறார்கள். ய மிகையா குறையா என்றே தெரியாதபோது எப்படிப் பெருக்குவது? ய = −1 போட்டுப் பாருங்கள்: −3 < 1, சரியாக வருகிறது. ஆக, குறை எண்கள் அத்தனையும் விடையில் உண்டு. முழு விடை: ய < 0 அல்லது ய > 3.

ய என்ற மாறி முழுவதும் அடிபட்டுப் போனால் பதற வேண்டாம். 2ய + 3 < 2ய + 5 இல் மிஞ்சுவது 3 < 5. அது எப்போதும் உண்மை, எனவே எல்லா எண்களும் விடை. பொய்யான கூற்று மிஞ்சினால் விடையே இல்லை.

உங்கள் கணக்கைச் சரிபார்க்க இரண்டு எண்கள் போதும். முதலில் எல்லை எண்: −4 ஐப் போட்டால் 7 + 12 = 19, இரு பக்கமும் சமம், எல்லை சரி. அடுத்து, எளிதான ஏதோ ஓர் எண். 0 போட்டால் 7 ≤ 19, உண்மை. அப்படியானால் 0 விடைக்குள் இருந்தே ஆக வேண்டும். ய ≥ −4 இல் இருக்கிறது; திருப்ப மறந்து ய ≤ −4 என்று எழுதியிருந்தால் இருக்காது, பிழை அங்கேயே பிடிபடும். என் தேர்வுக் கணக்கிலும் 0 போட்டிருந்தால் 0 < −6 என்று பொய்யாக வந்திருக்கும். நான் எழுதிய ய > −3 க்குள்ளோ 0 இருக்கிறது. அரை நிமிட வேலை, அன்று அதைச் செய்யவில்லை.

எண்கோட்டில் குறிக்கும்போது ≥ என்பதால் −4 மேல் நிரப்பிய வட்டம் போட்டு, வலப்பக்கம் கோடு இழுங்கள். வெறும் > என்றால் வெற்று வட்டம். கேள்வியில் "ய ஒரு முழு" (அதாவது பின்னமில்லாத எண்) என்று இருந்தால் கோடு வேண்டாம். −4, −3, −2 என்று தனித்தனிப் புள்ளிகளாக வைத்து, மேலே தொடர்கிறது என்று மூன்று புள்ளி இடுங்கள்.