புதுத் தொட்டியில் சிக்லிட் மீன்களுக்குச் சண்டையும் நோயும்: என்ன செய்வது?

தொட்டி வைத்து இரண்டே வாரம். மலாவி சிக்லிட் (ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்) ஒன்று மற்றவற்றைத் துரத்துகிறது, இன்னொன்று சாப்பிடாமல் மூலையில் நிற்கிறது என்கிறீர்கள். மருந்து வாங்கும் முன், மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நஞ்சான அம்மோனியாவைச் சோதியுங்கள். அதைச் சிதைக்கும் பாக்டீரியா ஃபில்டரில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். இந்த மீன்களுக்கு பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) 8 அளவில் தண்ணீர் வேண்டும். சிக்கல் என்னவென்றால், பிஎச் கூடக்கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும். தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கிய தண்ணீராக இருக்கட்டும். தீனியைக் குறையுங்கள். வயிறு உப்பி, மலம் வெள்ளை நூலாகத் தொங்கினால் அது வேறு கதை: தனித் தொட்டிக்கு மாற்றி, மெட்ரோனிடசோல் என்ற மருந்து கொடுக்க வேண்டும்.

சரி, சண்டை? கற்களைக் கலைத்து மாற்றி அடுக்குங்கள். பழைய எல்லை போனால் ரவுடி கொஞ்சம் குழம்புவார். ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது வேண்டும். அப்படியும் அடங்காததை நான் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.