65-ஐத் தொட்டதும் அதிரும் லாரி: டயரா, ஷாஃப்டா?

கேள்வி: எங்கள் ஆறு சக்கர லாரி 60 கி.மீ. வேகம் வரை அமைதியாக ஓடுகிறது. 65-ஐத் தொட்டதும் கேபின் முழுக்க அதிர்கிறது. அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தோம், முன் டயர்களுக்கு பேலன்சிங்கும் செய்தோம். பலனில்லை. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அலைன்மென்ட் தவறினால் டயர் ஒருபக்கமாகத் தேயும், வண்டி இழுக்கும். அதிர்வுக்கு அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

முதலில் எது சுற்றும்போது அதிர்கிறது என்று பாருங்கள். ஆளில்லாத சமதளச் சாலையில் 65-இல் ஓட்டி, அதே வேகத்தை ஒரு கியர் குறைத்தும் பிடியுங்கள் (இன்ஜின் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது). அதிர்வு மாறினாலோ மறைந்தாலோ இன்ஜின் மவுண்டிங், கிளட்ச் பக்கம் தேட வேண்டும். மாறாவிட்டால் சக்கரம் அல்லது ஷாஃப்ட். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிரம் ஓவலாகியிருக்கும்.

சக்கரமா, ஷாஃப்டா என்று பிரிக்க அதிர்வை உணர்ந்து பார்த்தாலே போதும். 10.00-20 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.2 மீட்டர் உருளும். 65-இல் அது வினாடிக்கு ஐந்தாறு சுற்று. அதாவது எண்ணிவிடலாம் போன்ற குலுக்கல். ஹவுசிங் (பின் அச்சின் பல்சக்கரப் பெட்டி) விகிதம் 6 என்றால் ஷாஃப்ட் அதைப்போல் ஆறு மடங்கு சுற்றும், அது தரையில் "ர்ர்ர்" என்ற ரீங்காரமாகவே தெரியும். ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம், சீட்டும் தரையும் மட்டும் அதிர்ந்தால் பின்பக்கம்.

குலுக்கல் என்றால் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். பட்டன் (டயர் தரையில் படும் பகுதி) அருகே ஒரு கம்பியை அசையாமல் பிடித்தால் ஏற்ற இறக்கம் தெரியும். 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் பேலன்ஸ் எடையால் அதைச் சரிக்கட்ட முடியாது. ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் ஓடும் கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை முழுவதும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். பின்ஜோடி டயர்களுக்கு நடுவே சிக்கிய கல், ரிம்முக்குள் காய்ந்த சேறு, ரீட்ரெட் பட்டை புடைத்த இடம் ஆகியவற்றையும் விடாதீர்கள். முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது பிளே (தளர்வு) இருந்தால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். பிளே போய்விட்டால் வீல் பேரிங், போகாவிட்டால் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி).

ரீங்காரம் என்றால் ஒரு கேள்வி: சமீபத்தில் கிளட்ச் வேலை நடந்ததா? அதற்கு ஷாஃப்டைக் கழற்றியிருப்பார்கள். ஸ்லிப் ஜாயிண்டை (ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய விடும் பல் இணைப்பு) மறுபடி சொருகும்போது ஒரு பல் தள்ளினாலே இருமுனை யோக்குகளும் (கவை போன்ற பிடிகள்) ஒரே நேரில் நிற்காது. அப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு உதறல். இணைப்பின் இருபக்க அம்புக்குறியும் எதிரெதிரே இருக்கிறதா பாருங்கள். செலவே இல்லாத வேலை, ஆனால் பலர் பார்ப்பதில்லை. பிறகு யோக்குகளை இணைக்கும் கூட்டல்குறி வடிவக் கிராஸைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கிரீஸ் அடித்தால் நான்கு கப்பிலும் வெளிவர வேண்டும். ஒன்றில் வராவிட்டால் அந்தப் பக்கம் ஊசி பேரிங் காய்ந்திருக்கும். ஷாஃப்டை நடுவே தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிசல், உதிர்ந்த பேலன்ஸ் தகடு, குழாயில் ஒடுக்கம், அச்சைப் பட்டைவில்லோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்வு (ஹவுசிங் கோணம் மாறிவிடும்) எல்லாம் அடுத்து.

எதுவும் தெரியவில்லை என்றால் ஷாஃப்டை முன்பாதி, பின்பாதி இரண்டையும் சேர்த்தே பேலன்சிங் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஒன்றை மட்டும் பார்ப்பது பாதி வேலை. சக்கரம் கழற்றியிருந்தால் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டை மறுபடி முறுக்க வேண்டும்.