திரைவாசிப்பானும் இணையப் பக்கமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கண் நீர் அழுத்த நோயால் பார்வையை இழந்த நான், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருளான என்விடிஏ திரைவாசிப்பானை மகனின் உதவியோடு கற்றுக்கொண்டேன். கடிதம் எழுதவும் மின்னஞ்சல் படிக்கவும் சிரமம் இல்லை. ஆனால் இணையத்தில் ஒரு செய்தியைப் படிக்கவோ மின்கட்டணம் பார்க்கவோ போனால், டேப் விசையைத் தட்டித் தட்டி விரல் ஓய்ந்துவிடுகிறது. வேண்டிய இடத்துக்கு விரைவாகப் போக வழி உண்டா?
– வாசகி ஒருவர், செம்பூர், மும்பை

பதில்: உண்டு, அம்மா. முதலில் டேப் விசையைச் சற்று ஒதுக்கி வையுங்கள். அது இணைப்பு, பொத்தான், படிவக் கட்டம் ஆகியவற்றில் மட்டுமே நிற்கும். பத்திகளைத் தாண்டிப் போய்விடும். ஆகவே டேப் தட்டிக்கொண்டே போகிறவரின் காதில் செய்தியைச் சுற்றியுள்ள மெனுக்களும் விளம்பரங்களும் விழுமே தவிர, செய்தி விழாது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் பலருக்கும் டேப் ஒன்றையே சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பார்வையுள்ளவர் ஒரு பக்கத்தைத் திறந்ததும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குவதில்லை. பெரிய எழுத்துகளின் மேல் கண்ணை ஓட்டி, எது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்ட பிறகே ஓரிடத்தில் நிற்கிறார். உங்களுக்கு அந்த வேலையைச் செய்து தருவது ஹெச் விசை. ஒவ்வொரு முறை தட்டும்போதும் அடுத்த தலைப்புக்குப் போய், அதன் வாசகத்தையும், அது பெரிய தலைப்பா உள்தலைப்பா என்ற நிலையையும் சொல்லும். செய்தித் தளங்களில் கட்டுரையின் தலைப்பு பெரும்பாலும் முதல் நிலைத் தலைப்பாக இருக்கும் என்பதால், எண் 1 விசையைத் தட்டினால் பல நேரங்களில் நேராகச் செய்தியின் வாசலிலேயே போய் நிற்பீர்கள். அங்கிருந்து என்விடிஏ விசையுடன் (வழக்கமாக இன்சர்ட் விசை) கீழ் அம்புக்குறியை அழுத்தினால் தொடர்ந்து வாசிக்கும். நிறுத்தக் கண்ட்ரோல் விசை போதும். தாண்டிப் போய்விட்டால், ஷிப்டை அழுத்திக்கொண்டு அதே எழுத்தைத் தட்டிப் பின்னால் வரலாம்.

தலைப்புகளே இல்லாமல் கட்டிய பக்கங்களும் இருக்கின்றன. அங்கே ‘என்’ (N) விசை கைகொடுக்கும்; அது இணைப்புக் கூட்டத்தைத் தாண்டி, அடுத்து வரும், இணைப்பல்லாத உரையில் கொண்டுபோய் விடும். தேடும் சொல் தெரிந்திருந்தால் இன்னும் எளிது: என்விடிஏ விசையுடன் கண்ட்ரோல், எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்தி, சொல்லைத் தட்டி, என்டர் கொடுங்கள். அதே சொல் மறுபடி வருகிறதா என்று பார்க்க என்விடிஏ விசையும் எஃப்3-யும். பக்கத்தின் மொத்த அமைப்பையும் ஒரே பட்டியலாகக் கேட்க விரும்பினால் என்விடிஏ விசையுடன் எஃப்7 அழுத்துங்கள். இணைப்புகளோ தலைப்புகளோ வரிசையாக வரும், முதல் எழுத்தைத் தட்டி வேண்டியதற்குத் தாவலாம்.

மின்கட்டணப் பக்கத்துக்கு வருவோம். இ (E) விசையைத் தட்டினால் எழுதும் கட்டத்துக்குப் போவீர்கள். அங்கே என்டர் கொடுத்ததும் சிறிய ஒலி ஒன்று கேட்கும். இனிமேல் நீங்கள் தட்டும் எழுத்தெல்லாம் கட்டத்துக்குள் விழும் என்பதற்கு அதுவே அடையாளம். நுகர்வோர் எண்ணைத் தட்டி முடித்ததும் எஸ்கேப் விசையை அழுத்துங்கள். வேறொரு ஒலியோடு உலாவும் நிலை திரும்பும். அதன் பிறகே பி (B) விசை உங்களைப் பொத்தானுக்குக் கொண்டுபோகும். எஸ்கேப் அழுத்த மறந்தால், பி என்ற எழுத்து நுகர்வோர் எண்ணோடு ஒட்டிக்கொள்ளும், தளமும் எண் தவறு என்று சொல்லும். எழுத்து விசைகள் ‘வேலை செய்யவில்லை’ என்று எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்த இரண்டு நிலைகளின் குழப்பமே. ஆகவே அந்த இரண்டு ஒலிகளையும் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

பொத்தானை அழுத்தியபின் ஒன்றுமே பேசாவிட்டால் பதற வேண்டாம். பக்கம் புதிதாகத் திறக்காமல் விவரம் மட்டும் கீழே சேர்ந்திருக்கக்கூடும். டி (T) விசையைத் தட்டி அட்டவணை வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு அம்புக்குறிகளால் கட்டம் கட்டமாக நகரலாம்.

மும்பையில் இருப்பதால் ஒரு வார்த்தை. மாநில அரசின் தளங்கள் மராத்தியில் திறந்தால், மராத்தியின் எழுத்தான தேவநாகரி தெரியாத குரல் அந்த வரிகளை விழுங்கிவிடும். பக்கம் காலியாக இருப்பதாக நமக்குத் தோன்றும். என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழ், மராத்தி, இந்தி மூன்றும் தெரியும். இனிமையான குரல் அல்லதான், ஆனால் இந்த ஊரில் அதை ஒதுக்கிவிட முடியாது.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். விலை கொடுத்து ஜாஸ் என்ற திரைவாசிப்பானை வாங்கினால் வேகம் கூடுமா?
– வாசகர் ஒருவர், தாராவி, மும்பை

பதில்: தம்பி, இணையத்தில் உலாவுவதற்காக மட்டும் என்றால் வாங்க வேண்டியதில்லை. பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. மேலே சொன்ன ஹெச், இ, பி, டி ஆகிய எழுத்துகள் ஜாஸிலும் அதே வேலையைத்தான் செய்கின்றன. நாளை அலுவலகத்தில் ஜாஸ் வைத்திருந்தாலும் பழகிய விரல் வீண்போகாது. தலைப்புப் பட்டியலுக்கு இன்சர்ட்டுடன் எஃப்6, இணைப்புப் பட்டியலுக்கு எஃப்7 என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நேரில் கற்க விரும்பினால், புனித சவேரியார் கல்லூரி வளாகத்தில் 2003 முதல் இயங்கும் பார்வையற்றோருக்கான வள மையத்தை அணுகிப் பாருங்கள்.

கேள்வி: பொத்தானுக்குப் பெயரே இல்லாமல் ‘பட்டன்’ என்று மட்டும் சொல்லும் தளங்களை என்ன செய்வது?
– வாசகி ஒருவர், மாட்டுங்கா, மும்பை

பதில்: அது உங்கள் குறை அன்று, தளத்தின் குறை. எத்தனை விசை கற்றாலும் அதை ஈடுகட்ட முடியாது, ஈடுகட்டவும் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 நம் பக்கம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமும், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. எனவே தயங்காமல் புகார் எழுதுங்கள். ‘தளம் சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் கிடப்பில் போய்விடும். பக்கத்தின் முகவரி, திரைவாசிப்பானின் பெயரும் பதிப்பும், உலாவியின் பெயர், எந்த விசையை அழுத்தினீர்கள், எதைக் கேட்டீர்கள், எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள்; அவ்வளவும் இருந்தால் தளத்தைக் கட்டியவர் அதே பிழையைத் தம் கணினியில் கண்டு திருத்த முடியும்.