சீட்டை எடுத்துக்கொண்டு பார்படோஸ் போகலாமா?

கேள்வி: கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். நானும் கணவரும், 5, 8 வயதில் இரண்டு பிள்ளைகள், 71 வயது அம்மா. மார்ச் விடுமுறையில் ஒரு கிழமை பார்படோஸ் போக ஆசை. டிக்கெட்டும் தங்குமிடமும் சேர்த்து முகவர் 12,000 டொலர் சொல்கிறார். மாதம் 500 டொலரில் 20 பேர் சீட்டு ஒன்று கட்டுகிறேன், 8 மாதம் முடிந்துவிட்டது. 1,200 கழிவு விட்டால் இப்போதே 8,800 கையில் வரும். மிச்சத்தைக் கடனட்டையில் போடலாமா? ரி.எஃப்.எஸ்.ஏ.யில் (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) 14,000 இருக்கிறது, அதைத் தொடப் பயம். அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும், ஒக்டோபரில்தான் மருந்து மாற்றினார்கள்.

பதில்: சீட்டைத் தொடாதீர்கள் அக்கா. 8,800 என்று கேட்கும்போது பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் அதில் 4,000 நீங்களே கட்டிய காசு. உண்மையில் நீங்கள் கடன் வாங்குவது 4,800, அதற்கு இன்னும் 12 மாதம் 500, 500 என்று கட்டப் போகிறீர்கள். மற்றவர்கள் விடும் கழிவில் உங்களுக்கு வரும் பங்கைக் கழித்துப் பார்த்தாலும் ஆண்டு வட்டி 30 வீதத்தை ஒட்டி நிற்கிறது. நாம் எல்லோரும் திட்டும் கடனட்டைகூட 20, 21 வீதம்தான்! (அந்தச் சீட்டுக் காசு எவ்வளவு பத்திரம் என்பது வேறு கதை, இன்னொரு நாள் பேசுவோம்.)

தொடப் பயம் என்கிறீர்களே, அந்த ரி.எஃப்.எஸ்.ஏ.தான் உங்களிடம் இருப்பதிலேயே மலிவான காசு. வரி இல்லை, வட்டி இல்லை. ஆனால் எடுப்பதானால் டிசம்பர் 31க்கு முன் எடுங்கள். இந்த வருடம் எடுத்த தொகையைத் திரும்பப் போடுவதற்கான இடம் ஜனவரி 1ஆம் திகதியே திரும்பக் கிடைத்துவிடும், ஜனவரியில் எடுத்தீர்களோ, அதே இடத்துக்கு அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். அதற்காக முழுவதையும் வழித்தெடுக்க வேண்டாம், 6,000 போதும். மிச்சம் 8,000 வீட்டைச் சூடாக்கும் உலையோ காரோ பழுதானால் கை கொடுக்க அங்கேயே கிடக்கட்டும்.

6,000 வைத்து 12,000க்கு எப்படிப் போவது? போகக்கூடாது, மார்ச்சில் போகாதீர்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அங்கே உச்ச காலம், அதிலும் ஒன்ராரியோ முழுக்க ஒரே கிழமையில் கிளம்பினால் விலை ஏன் இறங்கப் போகிறது? விக்டோரியா தினத்தை ஒட்டிய மே கிழமைக்கு விலை கேளுங்கள், பிள்ளைகளுக்கு நாலு நாள்தான் பள்ளிக்கூடம் தவறும். ஆசிரியர் முகம் சுளிக்கலாம், இந்த வயதில் அதை நான் பெரிதாக எடுக்க மாட்டேன். ஜூன் 1க்குப் புயல் காலம் தொடங்கிவிடும், பார்படோஸ் பெரும்பாலும் தப்பிக்கும் தீவுதான் என்றாலும் 2024 ஜூலை 1ஆம் திகதி பெரில் புயல் பக்கத்தால் போனதிலேயே மீனவர்களின் படகுகள் நொறுங்கின.

மே என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் உங்கள் அம்மா. ஒன்ராரியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 400 டொலர்தான் தரும், அதனால் அவருக்குப் பயணக் காப்புறுதி இல்லாமல் ஏறவே கூடாது. பல காப்புறுதிகள் ஏற்கெனவே உள்ள நோய் 90 அல்லது 180 நாள் மாற்றமில்லாமல் இருந்தால்தான் பொறுப்பெடுக்கும். மருந்தைக் குறைத்தாலும் அவர்களுக்கு அது மாற்றம்தான். ஒக்டோபரிலிருந்து மார்ச்சுக்கு 180 நாள் வராது, மே மாதத்துக்கு வந்துவிடும்.

அப்புறம் அங்கே செலவு. பார்படோஸ் டொலர் 1975இலிருந்து இரண்டுக்கு ஒரு அமெரிக்க டொலர் என்று கட்டப்பட்டிருக்கிறது, ஆகவே அவர்களுடைய 100 நமக்கு ஏறக்குறைய 70 கனடிய டொலர். விலைப் பட்டியலில் வெறும் டொலர் குறி இருந்தால் எந்த டொலர் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். இறக்குமதியாகும் உணவுதான் அதிகம், சாப்பாட்டு விலை கடிக்கும், எனவே குசினி உள்ள தங்குமிடமாகப் பாருங்கள். கடற்கரை எல்லாம் பொது, ஓட்டலுக்குச் சொந்தமில்லை. அட்டை இயந்திரம் கனடிய டொலரில் எடுக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வெளிநாட்டு நாணயத்துக்கு உங்கள் அட்டை பிடிக்கும் 2.5 வீதக் கட்டணமே போதும்.

விலை கேட்கும்போது முகவர் டைகோவில் (ஒன்ராரியோவில் பயண முகவர்களைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு செய்தவரா என்றும் பாருங்கள். பதிவு உள்ளவர் நொடித்துப்போனால் ஆளுக்கு 5,000 டொலர் வரை ஈட்டு நிதியில் கேட்கலாம், தெரிந்த அங்கிளின் சொந்தக் கணக்குக்கு அனுப்பிய காசை யாரிடம் போய்க் கேட்பது?