பூமிக்குள் இருப்பது முழுவதும் தீக்குழம்புதானா? கன்னியாவின் சூடு அங்கிருந்துதான் வருகிறதா?

இல்லை என்பதே இரண்டுக்கும் என் பதில். நம் காலடியில் சில கிலோமீற்றர் ஆழத்தில் கொதிக்கும் குழம்புக் கடல் ஒன்று இருக்கிறது, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் அதன் வாசல், ஆகவே திருகோணமலையில் ஒருநாள் எரிமலை வெடிக்கலாம் என்று யாரோ சொன்னதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். திருகோணமலையில் உயர்தர வகுப்புகளுக்குப் புவியியல் கற்பித்து வருபவன் என்ற முறையில், இதே எண்ணத்தைப் புதிதாக வரும் மாணவர்களிடமும் காண்கிறேன். அதை ஆதாரத்தோடு களைவது அவசியம் என்று கருதுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவுகள். பூமியின் சராசரி ஆரை 6,371 கிலோமீற்றர். மத்திய கோட்டுப் பகுதி சற்றுப் புடைத்திருப்பதால், அங்குள்ள ஆரை துருவ ஆரையைவிட ஏறத்தாழ 21 கிலோமீற்றர் கூடுதலாகும். நாம் வாழும் புவி ஓடு, அதாவது பூமியின் மேற்பாறைப் படை, கண்டங்களின் கீழ் சராசரியாக 35 முதல் 40 கிலோமீற்றர் தடிப்புடையது. கடலடியில் அது 7 கிலோமீற்றர் அளவுக்கு மெலிந்துவிடுகிறது. திருகோணமலை நகரிலிருந்து கந்தளாய்க்குப் பேருந்தில் போகும் தூரத்தைச் செங்குத்தாகக் கீழே இறங்க முடிந்தால், ஓடு அத்துடன் முடிந்துவிடும். அதற்குக் கீழே 2,890 கிலோமீற்றர் ஆழம் வரை மூடகம், 5,150 கிலோமீற்றர் வரை வெளிக்கருவம், அங்கிருந்து மையம் வரை உட்கருவம்.

இவற்றுள் திரவமாக இருப்பது வெளிக்கருவம் மட்டுமே. அதுவும் எரிமலைக் குழம்பு அன்று. பெரும்பாலும் உருகிய இரும்பும் நிக்கலும். பூமியின் கன அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இடம்பிடிக்கும் மூடகம் திடப்பாறைதான். மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் அந்தப் பாறை ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் என்ற கதியில் மெல்ல நகர்கிறது என்பது உண்மை. ஆனால் நகர்வது வேறு, உருகியிருப்பது வேறு. எரிமலைக்கு வேண்டிய குழம்பு, அழுத்தம் குறையும் இடங்களிலும் பாறைக்குள் நீர் சேர்ந்து அதன் உருகுநிலை தாழும் இடங்களிலும் மட்டுமே ஆங்காங்கே உருவாகிறது.

யாரும் போய்ப் பார்க்காமல் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. மனிதன் தோண்டிய மிக ஆழமான துளைகளுள் ஒன்று, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970இல் தொடங்கி 1989இல் 12,262 மீற்றரை எட்டியது. அங்கே வெப்பம் எதிர்பார்த்ததைவிட மிகுந்து 180 பாகை செல்சியஸாக இருந்தது. அது ஆரையில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே நேரில் காண்பதை விட்டுவிட்டு, பூமியைக் கடந்துவரும் நில அதிர்வு அலைகளைக் கேட்கத் தொடங்கினார்கள். பெரிய பூமியதிர்ச்சி ஒன்று நிகழும்போது இருவகை அலைகள் உள்ளே பரவுகின்றன. பி அலை திடத்திலும் திரவத்திலும் செல்லும். எஸ் அலை திடப்பொருளில் மட்டுமே செல்லும். மூடகத்தின் வழியாக எஸ் அலை தடையின்றி வந்து சேர்கிறது என்பதே மூடகம் திடமானது என்பதற்குச் சான்று. பூமியின் மறுபுறத்தில் அது வந்து சேராத பெரும் பகுதி ஒன்று இருப்பது, இடையில் திரவம் உண்டு என்பதற்குச் சான்று. டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற பெண் ஆய்வாளர், 1929இல் நியூசிலாந்தில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியின் பதிவுகளில், வரக்கூடாத இடத்தில் வந்திருந்த மெல்லிய பி அலைகளைக் கவனித்து, திரவத்துக்குள்ளே இன்னொரு கருவம் இருக்க வேண்டும் என்று 1936இல் வெளியிட்டார். காகிதத்தில் பதிந்த சில நெளிவுகளிலிருந்து ஒரு கோளின் மையத்தை எட்டிய அந்த உழைப்பை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

கருவம் இரும்பு என்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. 1798இல் ஹென்றி கவெண்டிஷ் செய்த அளவீடு, பூமி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அது நீரைப்போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு அடர்த்தி உடையது என்று காட்டிற்று. நம் கையில் எடுக்கும் சாதாரணப் பாறையோ மூன்று மடங்கைக்கூடத் தொடுவதில்லை. எனவே உள்ளே மிகக் கனமான ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

ஆழத்தின் சாட்சியைத் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் சுவாமி மலையின் பாறைகளைச் சற்று நின்று பாருங்கள். இலங்கையின் உயர்நிலத் தொகுதி என்ற பாறைப் பகுதியைச் சேர்ந்த உருமாறிய பாறைகள் அவை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா ஆகியவற்றுடன் இலங்கையும் கொண்டுவானா என்ற பெருங்கண்டத்தில் இணைந்தபோது, இத்தொகுதியின் பாறைகள் 20 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் அழுந்தி வெந்து மறுபடிகமாயின. மேலிருந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரிக்கப்பட்டதால் அவை இன்று வெளியே தெரிகின்றன. கோலாத் துளை எட்டாத ஆழத்தில் உருவான கல்லை நாம் இங்கே கையால் தொடுகிறோம்.

இனி கன்னியா. அங்கே ஏழு கிணறுகளும் சில அடி இடைவெளியில் அருகருகே இருக்கின்றன. ஒன்றில் வாளி விட்டு மொண்டு தலையில் ஊற்றிவிட்டு அடுத்ததில் ஊற்றினால், சூட்டின் வேறுபாடு உடனே தெரியும். ஆயினும் மிகச் சூடான கிணற்று நீர்கூட ஏறத்தாழ 40 பாகைதான். எரிமலைக் குழம்பின் வெப்பமோ ஆயிரம் பாகை அளவினது. கண்ட ஓட்டில் கீழே இறங்க இறங்க, கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை வரை வெப்பம் கூடும். மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, வேறு வெடிப்புகளின் வழியே விரைவாக மேலேறி வருகிறது. வழியில் மேல்மட்டத்துக் குளிர்நீர் எவ்வளவு கலக்கிறது என்பதைப் பொறுத்துக் கிணற்றுக்குக் கிணறு சூடு மாறுபடக்கூடும். அந்த வெப்பத்துக்குக் காரணம், பாறைகளில் உள்ள யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவும், பூமி உருவான காலத்தில் அடைபட்ட வெப்பத்தின் எச்சமுமே. இலங்கையின் வெந்நீர் ஊற்றுகள் பெரும்பாலும் உயர்நிலத் தொகுதியும் அதன் கிழக்கே உள்ள விஜயன் தொகுதி என்ற மற்றொரு பாறைப் பகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே அமைந்திருப்பது, அங்குள்ள பாறைகளின் முறிவுகள் நீருக்கு வழிவிடுவதைக் காட்டுகிறது.

எரிமலை வெடிக்குமா என்ற அச்சத்துக்கு இடமில்லை. பூமியின் மேற்பகுதி பெரும் பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. இலங்கை, அத்தகைய தட்டு ஒன்றின் விளிம்பில் இல்லாமல் அதன் உட்பகுதியில் இருக்கிறது. இங்கு உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. நமக்கு உண்மையான ஆபத்து, கிழக்கே ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், சுமாத்திராவை ஒட்டித் தட்டு ஒன்றின் கீழ் மற்றொன்று நுழையும் விளிம்பில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று அங்கே 9.1 அளவில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியின் அலைகள் பாறை வழியாகச் சில நிமிடங்களில் இலங்கையை அடைந்தன. கடல் அலையோ கிண்ணியா, மூதூர்க் கரைகளுக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரத்தைப் பயன்படுத்த அன்று இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை அமைப்பு எதுவும் இருக்கவில்லை. 2006இலேயே அது இயங்கத் தொடங்கியது. ஆகவே சுனாமி எச்சரிக்கை வரும் நாளில், நில அதிர்வை நாம் உணர்ந்தோமா இல்லையா என்று பாராமல் கரையை விட்டு உயரமான இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும்.