மூக்குப்பேணியும் பின்வாசலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை முடிந்து வந்து, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்து ஒரு பிளேன்ரீ குடிப்பதுதான் என் நாளிலேயே நல்ல நேரம். அந்தக் கதிரை, அப்பாவின் பழைய டோர்ச், அம்மம்மா வீட்டிலிருந்து வந்த பித்தளை மூக்குப்பேணி, இந்த மூன்றும் தருகிற சந்தோஷத்தை விலை கூடிய எந்தச் சாமானும் எனக்குத் தந்ததில்லை. உங்களுக்குப் பிடித்த சின்னச் சின்னப் பொருட்கள் எவை? ஒரு பட்டியல் தருவீர்களா?

பேணி கறுத்துவிட்டது. மினுக்கி, வார்னிஷ் அடித்து, ஷோகேஸில் வைப்போம் என்கிறார் மனைவி. எச்சில் படாமல் குடிப்பதற்கென்றே ஒரு பாத்திரம் செய்த நம் முன்னோரின் சுத்தத்தையும் அந்தக் காலத்து எளிமையையும் நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இதிலும் சிலர் சாதியைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அதெல்லாம் யாழ்ப்பாணத்துக் கதை, நம் திருகோணமலையில் அப்படி ஒன்றும் இருந்ததில்லை என்பது என் எண்ணம். பித்தளையில் தண்ணீர் குடிப்பது உடம்புக்கு நல்லதா என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்
உவர்மலை

---

அன்புள்ள தம்பி,

கடிதங்கள் நிறையக் கிடக்கின்றன. உங்களுடையதை முன்னுக்கு எடுத்ததற்குக் காரணம் அந்தப் பேணிதான். பொங்கலுக்கு முதல் பித்தளைச் சாமான்களை இறக்கி மினுக்குகிற வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. இந்த முறை மினுக்கும்போது மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தை உங்கள் கடிதம் சரியாகப் போய்த் தொட்டுவிட்டது.

பட்டியல் தரமாட்டேன். எழுதத் தொடங்கினால் அது கடைக்குக் கொடுத்துவிடுகிற துண்டு மாதிரி ஆகிவிடும். சாய்மனைக் கதிரையும் பிளேன்ரீயும் வாய்த்திருக்கிறது, கொடுத்துவைத்தவர் நீங்கள். டோர்ச் பற்றிச் சொல்ல எனக்கும் நிறைய உண்டு. ஊரடங்கும் மின்வெட்டும் சேர்ந்து வந்த இரவுகளில் டோர்ச்சை எப்போது அடிக்கலாம், எப்போது அடிக்கவே கூடாது என்பது எங்களுக்கு ஒரு தனிப் படிப்பாக இருந்தது. அது இன்னொரு நாளைக்கு. பித்தளையில் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். தேசிக்காய்த் தண்ணீர், மோர், புளி சேர்ந்த எதையும் ஊற்றி வைக்காதீர்கள். பித்தளையில் இருப்பது செம்பும் துத்தநாகமும், புளிப்பு இரண்டையும் கரைக்கும். சமைக்கிற பித்தளைப் பாத்திரங்களுக்கு உள்ளே வெள்ளீயம் பூசியது அதனால்தான். மற்றபடி அதை ஒரு மருந்தாக நினைத்துக் குடிக்க வேண்டாம்.

சரி, பேணிக்கு வருவோம்.

மூக்குப்பேணியைப் போல வடிவான ஒரு பாத்திரத்தை நான் கண்டதில்லை. அகன்ற வாய், ஒடுங்கிய இடை, கீழே நிற்பதற்கு ஒரு பாதம், ஒரு பக்கத்தில் அளவான மூக்கு. கையில் எடுத்தால் நல்ல பாரம். கிணற்றுத் தண்ணீரை வார்த்ததும் குளிர் முதலில் விரல்களுக்கு வரும், பிறகுதான் தொண்டைக்கு. அண்ணாந்து, மூக்கைச் சரித்து, விழுகிற தாரையை விழுங்கப் பழகுவதற்குள் எத்தனை தரம் புரையேறியிருக்கும்! ஒவ்வொரு தரமும் அம்மம்மா உச்சியில் தட்டி, “ஆரோ நினைக்கினம்” என்பார். கிளாஸில் குடிக்கும்போது கண்ணில் படுவது கிளாஸின் அடி. பேணியில் குடிக்கும்போது முகம் தானாக மேலே திரும்பும். எங்கள் கிணற்றடியில் மேலே தென்னோலை, ஓலைக்கு மேலே வானம். ஒரு மிடறு தண்ணீருக்கு இவ்வளவும் சேர்ந்து வந்தது. இந்தச் சந்தோஷத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். அதனால் பேணியைத் தூக்கி எறியச் சொல்லுகிற கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள்.

ஆனால் சுத்தம் என்று எழுதினீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது.

உங்கள் வாதத்தையே எடுத்துக்கொள்கிறேன். மூக்குப்பேணியில் யார் குடித்தாலும் வாய் படாது. அதற்காகவே செய்தது. அப்படியென்றால் வீட்டுப் படலையைத் திறந்து வருகிற எவருக்கும் தயங்காமல் நீட்டக்கூடிய பாத்திரம் அதுதானே? உடுப்பு வெளுக்கிறவர் வந்தால் அவருக்கும் நீட்டியிருக்கலாம். வெயிலில் தென்னை ஏறி இறங்கியவருக்கும் நீட்டியிருக்கலாம். நீட்டினார்களா? எங்கள் குசினியின் பின்வாசலில், கூரைக்கும் சுவருக்கும் நடுவில் செருகி, ஒரு சிரட்டை இருந்தது. நான் வளர வளர அந்த இடத்துக்கு ஒரு ரின்பால் பேணி வந்தது. அதிலே தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்கள். தேங்காய் பறிக்க வருகிறவர் நிலத்தில் குந்தியிருந்து குடித்துவிட்டு, தானே கழுவி, தானே பழைய இடத்தில் செருகிவிட்டுப் போவார். அவரை ஒருவரும் ஏசியதில்லை. மரியாதையாகவே பேசினார்கள். பொங்கலுக்கு வேட்டியும் கொடுத்தார்கள். பேணியை மட்டும் கொடுக்கவில்லை.

எச்சிலுக்குத்தான் பயம் என்றால், எச்சிலே படாத பேணியை ஏன் உள்ளே வைத்துக்கொண்டு, வாய் வைத்தே குடிக்க வேண்டிய சிரட்டையை நீட்டினார்கள்? கொஞ்சம் நின்று யோசியுங்கள் தம்பி. சுத்தம் காரணமாக இருந்திருந்தால் நடைமுறை நேர்மாறாக இருந்திருக்கும். ஊர் பேர் தெரியாதவருக்குப் பேணி, வீட்டு ஆட்களுக்குக் கிளாஸ் என்று இருந்திருக்கும். எங்கள் வீட்டிலோ, வாய் படாத பாத்திரத்தைக்கூடத் தொடக் கூடாத கைகள் சில இருந்தன. சிக்கல் வாயில் இல்லை, கையில் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் கை எந்த வீட்டில் பிறந்தது என்பதில் இருந்தது. பல வருஷமாக இதை யோசித்துவிட்டேன், சுத்தத்தோடு பொருந்துகிற ஒரு பதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் எழுதுங்கள், தளத்தில் அப்படியே போடுகிறேன்.

யாழ்ப்பாணத்துக் கதை என்று தள்ளுவது நம் ஊர்க்காரருக்கு மிகவும் பிடித்த சமாதானம். அங்கே அது கொடுமையாக இருந்தது, உண்மை. தேநீர்க் கடைகளில் போத்தலிலும் தகரப் பேணியிலும் குடிக்கவைக்கப்பட்டவர்கள் 1960களில் எழுந்து நின்று, கடைக்குள் போய் இருந்து குடிக்கிற உரிமைக்காக அடியும் பட்டார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போகக் கேட்டு நின்றவர்களுக்கு அதன் வாசலில் என்ன நடந்தது என்று தேடிப் படியுங்கள். இங்கே துறைமுகமும் கடற்படைத் தளமும் பல ஊர் ஆட்களைக் கொண்டுவந்து கலந்துவிட்டன. பிடி கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. ஆனால் சாதி சொல்லி ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை முழு நாட்டுக்கும்தானே போட்டார்கள்? அங்கே போராட்டமாக வெடித்தது, இங்கே ஒருவரும் வாய் திறக்காமல் குசினிப் பின்வாசலில் நடந்துகொண்டிருந்தது. சத்தம் வராததால் அப்படி ஒன்று இல்லை என்று ஆகிவிடுமா?

பதின்ம வயதில் கிண்ணியாவில் ஒரு சிநேகிதியின் அக்காவுடைய கலியாணத்துக்குப் போயிருந்தேன். இப்போது இருக்கிற பாலம் 2009இல் திறந்தது. அந்த நாட்களில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். பெண்களை வட்டமாக இருத்தி நடுவில் ஒரு சகன் வைத்தார்கள். பெரிய தட்டம், நிறையச் சோறு, மேலே இறைச்சி. என்னைச் சுற்றி இருந்தவர்களில் சிநேகிதியைத் தவிர ஒருவரையும் எனக்கு முன்பின் தெரியாது. எல்லாக் கைகளும் அந்த ஒரு தட்டத்துக்குள் போயின. எனக்குக் கை போகவில்லை. பக்கத்தில் இருந்த வயதான உம்மா ஒருவர் ஒன்றும் கேட்காமல் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு சாப்பிட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன். பாதைக்குத் திரும்பும்போது பின்வாசல் சிரட்டை நினைவுக்கு வந்தது. அதற்கு முதல் அது என் கண்ணில் பட்டதே இல்லை என்று சொல்லலாம், சுவரைப் போல, கிணற்றைப் போல அதுவும் அங்கே இருக்கிற ஒன்று. கொட்டியாரக் குடாவின் தண்ணீருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கிற, தமிழ் பேசுகிற இரண்டு வீடுகள். ஒரு வீட்டின் பாத்திரம் கைகளைச் சேர்க்கிறது, மற்ற வீட்டின் பாத்திரம் கைகளைப் பிரிக்கிறது. பாத்திரம் வெறும் பாத்திரம்தான், அதில் என்ன இருக்கிறது என்று சொல்பவர்களை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

அம்மம்மாவை நேசிக்க வேண்டாம் என்றா சொல்கிறேன்? என் உச்சியில் தட்டிய கைதான் பின்வாசலில் சிரட்டையையும் நீட்டியது. இரண்டும் ஒரே கை. அதை இரண்டாக வெட்டி, எனக்குப் பிடித்த பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் வெட்டாதீர்கள். ‘அந்தக் காலத்து எளிமை’ என்று எழுதும்போது அந்த வெட்டைத்தான் போடுகிறீர்கள்.

எளிமை என்ற பேச்சில் இன்னொன்றும் விடுபட்டுப்போகிறது. அந்தப் பேணி உங்கள் அம்மம்மா வீட்டில் மினுங்கியது யாரால்? பித்தளை தானாக மினுங்காது. காற்றுப் பட்டாலே மங்கும், கடற்காற்று என்றால் கேட்கவே வேண்டாம். கொண்டாட்டத்துக்கு முதல் நாள் கிணற்றடியில் சாமான்களைக் குவித்துவைத்து, பழப்புளியும் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் கொண்டு தேய்த்துத் தேய்த்து என் அம்மாவின் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். அடுத்த நாள் விறாந்தையில் இருந்து அண்ணாந்து குடித்து, “ஆகா” என்றவர்கள் ஆண்கள். உங்கள் கடிதத்தில் ‘மினுக்கி’ என்ற ஒரு வார்த்தையோடு அந்த வேலை முடிந்துவிட்டது. இந்த முறை யார் மினுக்கப்போகிறார்கள், நீங்களா, மனைவியா?

வார்னிஷ் அடிக்கவே வேண்டாம். அடித்தால் பிறகு அதில் குடிக்க முடியாது. ஷோகேஸிலும் வைக்காதீர்கள். கலியாண வீட்டு வரவேற்பு மேசைகளில் பூ செருகி நிற்கிற பேணிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஒரு கொட்டைப்பாக்கு அளவு பழப்புளி, கொஞ்சம் உப்பு, ஒரு துண்டுப் பொச்சு போதும். புளியிலுள்ள அமிலம் கறுப்பை எடுத்துவிடும், அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. மூக்குக்கு உள்ளே ஒரு ஈர்க்கில் துணி சுற்றி விடுங்கள், ஊத்தை அங்கேதான் தங்கும். நன்றாகக் கழுவி, உடனே துடைத்து, வெயிலில் காயவையுங்கள். பிறகு குசினியில் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். மீன்காரர் வந்தால் அதில் தண்ணீர் கொடுங்கள், கரண்ட் வேலைக்கு வருகிற பெடியனுக்கும் கொடுங்கள். அவர்கள் புரையேறிச் சிரிக்கட்டும்.

அம்மம்மா வீட்டிலிருந்து வந்தது என்றால் அதைப் பற்றி உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். இருக்கிறார் என்றால் இந்த வாரமே கேளுங்கள்: அந்த வீட்டுப் பின்வாசலில் இருந்தது எது, சிரட்டையா, தகரப் பேணியா? யார் யார் அதில் குடித்தார்கள்? அவர் சொல்வதை ஒன்றும் திருத்தாமல் எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா