மடித்தால் 16 பக்கம்

கேள்வி: பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் நாங்கள் 5 பேர் சேர்ந்து கதை, கவிதை, ஓவியம் எல்லாம் போட்டு ஜெராக்ஸில் ஓர் இதழ் கொண்டுவந்தோம். பக்கங்கள் முன்பின்னாக மாறிவிட்டன. பாதி தலைகீழ். படங்கள் ஒரே கறுப்பு. அடுத்த இதழையாவது உருப்படியாகச் செய்ய வழி சொல்லுங்கள்.

பதில்: கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் 4 ஏ4 தாள்களை எடுத்து அடுக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் குறுக்கே பாதியாக மடியுங்கள். 16 பக்கம் கிடைக்கும். பென்சிலால் வரிசையாக எண் போட்டுவிட்டுப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளின் ஒரு முகத்தில் இடப்பக்கம் 16, வலப்பக்கம் 1. மறுமுகத்தில் 2, 15. எந்த முகமானாலும் இரண்டு எண்களையும் கூட்டினால் 17 வர வேண்டும். எண் போட்ட இந்த மாதிரிப் பிரதி கையில் இருந்தால் பக்கம் மாறாது. மொத்தப் பக்கங்கள் 4-இன் மடங்காகவே இருக்கட்டும்; 18 பக்கம் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் கடைசியில் 2 பக்கம் காலியாகக் கிடக்கும்.

தலைகீழானதற்குக் காரணம் வேறு. இருபக்க அச்சில் பெரும்பாலும் நீண்ட விளிம்பில் திருப்பும் அமைப்புதான் இருக்கும். நடுவில் மடிக்கும் இதழுக்குக் குறுகிய விளிம்பில் திருப்ப வேண்டும். கடையில் மாதிரியைக் காட்டுங்கள். ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்து, புரட்டிப் பார்த்த பிறகு மற்றதைச் சொல்லுங்கள்.

பக்கத்தை ஏ5 அளவிலேயே, அதாவது ஏ4-இல் பாதி அளவிலேயே, வடிவமையுங்கள். ஏ4-இல் 12 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்தில் அடித்துப் பாதித்தாளுக்குச் சுருக்கினால் அது எட்டரைப் புள்ளிக்கு இறங்கிவிடும்; மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. நேராக 11 புள்ளியில் அடியுங்கள். மடிப்புப் பக்கம் 15 மி.மீ., மற்ற ஓரங்கள் 12 மி.மீ. விடுங்கள். எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆகக் கொண்டுபோகாவிட்டால் கடைக் கம்ப்யூட்டரில் எழுத்துகள் சிதறலாம். ஏ5 அகலத்தில் கவிதையின் நீண்ட வரி தானாக மடிந்துவிடும். கவிஞர்கள் சண்டைக்கு வருவது இங்கேதான்; எங்கே உடைக்கலாம் என்று எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள்.

படம் கறுத்ததற்குக் காரணம், பிரதியிலிருந்து பிரதி எடுத்ததாக இருக்கும். ஒவ்வொரு முறையும் சாம்பல் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். எல்லாப் பிரதிகளையும் பிடிஎஃப்-இலிருந்தே அச்சிடுங்கள். கறுப்பு மையில் வரைந்த கோட்டோவியம் நன்றாக வரும், 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் ஓவியம் வெளிறும். புகைப்படம் என்றால் 300 டிபிஐ போதும், ஆனால் நிழல் பகுதிகளைக் கொஞ்சம் வெளுக்க வைத்துக் கொடுங்கள்.

படைப்புகளைத் தேர்ந்தெடுக்க 5 பேரும் உட்கார வேண்டாம், 2 பேர் போதும். திருத்தியதை எழுதியவருக்குக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பவே கூடாது.

சாதாரண ஸ்டேப்ளர் மடிப்புக்கோடு வரை எட்டாது. ஊசிநூலால் தைத்துவிடலாம். மடிப்பில் 3 துளை போடுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியாக ஊசியை வெளியே எடுத்து, மேல்துளையில் உள்ளே விட்டு, கீழ்த்துளையில் வெளியே இழுத்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே கொண்டுவாருங்கள். உள்பக்கம் ஓடும் நீண்ட நூலின் இருபுறமும் இரு முனைகளை நிறுத்தி முடிச்சிடுங்கள்.